பழைய ஜிப்சியின் பாடித் துரு: வீட்டிலேயே வெட்டி, ஒட்டி, காப்பாற்றும் முழு வழிகாட்டி

மாருதி ஜிப்சி 1985 கடைசியில் விற்பனைக்கு வந்தது. சுசுகி எஸ்ஜே410 வண்டியின் நீள உருவம், 970 சிசி இன்ஜின். 1996ல் 1300 சிசி இன்ஜினோடு ஜிப்சி கிங் வந்தது. 2019 வாக்கில் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தினார்கள். ஆக, இன்றைக்கு நம் கையில் இருக்கும் ஜிப்சிகளில் நிறைய வண்டிகள் இருபது, முப்பது வயதைத் தொட்டவை. இன்ஜினைப் பிரித்துப் புதுசு போலாக்கிவிடலாம், கியர்பாக்ஸுக்குப் பாகம் தேடிப் பிடித்துவிடலாம். இந்த வண்டிகளைக் காயலான் கடைக்கு அனுப்புவது பெரும்பாலும் பாடித் தகட்டில் ஏறிய துருதான்.

துருப் பிடித்த வண்டியை டிங்கர் பட்டறையில் விட்டால் வழக்கமாக நடப்பது இது: கொப்பளித்த பெயின்டைச் சுரண்டுவார்கள், பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பார்ப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள். வண்டி பளபளவென்று வரும். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அதே இடத்தில் கொப்பளம் திரும்ப வரும். பட்டறைக்காரர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. நாம்தான் நாலு நாளில் வண்டி வேண்டும் என்கிறோம். முறையான துரு வேலையில் பாதி நேரம் கழுவுவதும் காயவைப்பதும் காத்திருப்பதும்தான். அந்த நேரத்துக்குக் கூலி கொடுக்க நம்மால் ஆகாது. ஆனால் வீட்டு வாசலில், நம் வண்டிக்கு, அந்த நேரத்தை நாமே கொடுக்கலாம். இந்த வேலையை வீட்டில் செய்யச் சொல்வதற்கு முதல் காரணம் அதுதான்.

இன்னொரு வசதியும் உண்டு. ஜிப்சி தனி சேஸ் மேல் உட்கார்ந்திருக்கும் வண்டி. பாடி, ரப்பர் புஷ்கள் வைத்து போல்ட்டால் சேஸோடு பிணைக்கப்பட்டது. இன்றைய கார்களில் தரைத்தகடே வண்டியின் எலும்பு. ஜிப்சியில் இன்ஜினையும் லீஃப் ஸ்பிரிங்கையும் தாங்குவது சேஸ். ஆகவே தரையில் ஒரு கையளவு தகட்டை வெட்டி மாற்றுவது வீட்டில் துணிந்து செய்யக்கூடிய காரியம்.

முதலில் தண்ணீரைத் தேடுங்கள்

துரு எப்போதும் ஒரு காரணத்தோடு வருகிறது. தகட்டை எவ்வளவு அழகாக ஒட்டினாலும், தண்ணீர் வந்த வழியை அடைக்காவிட்டால் வேலை வீண். கிரைண்டரைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு நல்ல மழை நாளிலோ, ஹோஸ் பைப்பைப் பிடித்தோ, வண்டிக்குள் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள்.

ஜிப்சியில் வழக்கமான வழிகள் சில. முன்கண்ணாடிச் சட்டத்தின் அடிப்பகுதி: சாஃப்ட் டாப் வண்டியில் இந்தச் சட்டம் முன்னால் மடங்கும், அதன் கீழே இருக்கும் ரப்பர் காய்ந்து வெடித்தால் தண்ணீர் நேராக டேஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கிக் காலடிக்கு வரும். கதவின் அடிப்பகுதி: கண்ணாடி வழியே இறங்கும் மழைத் தண்ணீர் வெளியேறக் கதவின் கீழ் விளிம்பில் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவை மண்ணால் அடைபட்டால் கதவே தொட்டியாகிவிடும். முன் மட்கார்டின் உட்பக்கம்: சக்கரம் வாரியடித்த சேறு அங்கே மேட்டில் தங்கி, மாதக்கணக்கில் ஈரமாக இருக்கும். பேட்டரி தட்டு: இங்கே தண்ணீரோடு ஆசிடும் சேரும். பின்னால், ஸ்டெப்னி தொங்கும் கதவின் அடிவிளிம்பு, சக்கர வளைவும் தரையும் சேரும் மூலை.

எல்லாவற்றுக்கும் மேலாகக் காலடி மேட். தரையோடு ஒட்டிய தடித்த ரப்பர் மேட்டும் அதன் கீழே போட்ட ஃபெல்ட்டும் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், கீழே கோடையிலும் ஈரம் இருக்கும். பழைய ஜிப்சி வாங்கினால் முதல் வாரமே அந்த மேட்டைத் தூக்கிப் பாருங்கள்.

கடலோரத்தில் ஓடிய வண்டி என்றால் கதை இன்னும் கொஞ்சம் கடுமை. தூத்துக்குடி, ராமேஸ்வரம், சென்னை கடற்கரைப் பக்கம் நிற்கும் வண்டியில் உப்புக்காற்று எல்லா இடுக்கிலும் படியும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஈரத்தோடு சேர்ந்து மின்சாரம் எளிதாகக் கடக்க வழி செய்யும். துரு ஒரு மின்வேதி வினை என்பதால் அது பல மடங்கு வேகமெடுக்கும். மழையே பெய்யாத மாதத்திலும் இந்த வண்டிகள் துருப் பிடிப்பதன் காரணம் இதுதான்.

தட்டிப் பார்ப்பது, குத்திப் பார்ப்பது

சீட், மேட், கதவின் உள் அட்டை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒரு ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தகட்டைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். துருத் தின்ற இடம் மந்தமாக, சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். அங்கே ஸ்க்ரூடிரைவரைத் திருப்பி முனையால் அழுத்துங்கள். கொஞ்சம் தயங்காமல் அழுத்த வேண்டும். உள்ளே போனால், போகட்டும். அது ஏற்கெனவே ஓட்டைதான், பெயின்ட் மறைத்திருந்தது, அவ்வளவுதான்.

டிரைவர் காலடியில் இதைச் செய்தால் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இப்படி இருக்கும்: நடுவில் பெயின்ட் நன்றாகவே இருக்கும். ஆக்சிலரேட்டர் பெடலுக்குக் கீழே தரை மேல்நோக்கி வளையும் இணைப்பில் பழுப்புக் கோடு ஒன்று ஓடும். கோட்டைச் சுரண்டினால் ஏடு ஏடாக உரியும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருமனாகும் என்பதால் இரண்டு தகடுகளின் நடுவே வளர்ந்து அவற்றையே விலக்கித் தள்ளியிருக்கும். உரித்துக்கொண்டே போனால் கடைசியில் கீழே தரை தெரியும். கீழே படுத்து அதே இடத்தைப் பார்த்தால், மேலே தெரிந்ததைவிட இரண்டு பங்கு பரப்பில் கருப்பு அண்டர்கோட் உப்பி நிற்கும். தட்டினால் பொலபொலவெனக் கொட்டும். அந்த இரண்டு பங்குதான் உண்மையான அளவு. மேலே தெரிந்ததை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள்.

ஒரு காந்தத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கம் காந்தம் ஒட்டாத இடத்தில் முன்னொருவர் பட்டி வைத்து மறைத்திருக்கிறார். மெல்லிய துணி சுற்றிய காந்தம் போதும், பெயின்ட் கீறாது.

பார்த்ததை மூன்றாகப் பிரியுங்கள். மேலோடு பழுப்பு படர்ந்து, தேய்த்தால் பளிச்சென்ற இரும்பு வருவது மேல்துரு. தேய்த்த பிறகும் கரும்புள்ளிகளாகக் குழி விழுந்து நிற்பது பள்ளத்துரு. குத்தினால் உள்ளே போவது, அல்லது தகடு காகிதமாக மெலிந்தது, வெட்ட வேண்டியது. பெயின்ட் கொப்பளித்து நிற்கும் இடம் பெரும்பாலும் மூன்றாவது வகை, ஏனென்றால் அங்கே துரு உட்பக்கமிருந்து தின்றுகொண்டு வந்து கடைசியாகத்தான் வெளியே தெரிகிறது. சாக்பீஸால் ஒவ்வொன்றையும் வட்டமிட்டு, போனில் படமெடுத்து வையுங்கள்.

இந்த இடத்தில் ஒரு எல்லைக்கோடு போட வேண்டும். சேஸ் குழலில் ஓட்டை, லீஃப் ஸ்பிரிங் மாட்டும் ஷேக்கிள் தாங்கியில் விரிசல், ஸ்டீயரிங் பாக்ஸ் மாட்டிய இடத்தில் துரு, சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடத்தில் துரு, இவை எதுவும் வீட்டில் பழகும் வேலை இல்லை. தடித்த தகடு வைத்து, முழு ஊடுருவலோடு வெல்ட் செய்யத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். சேஸ் நம்பர் பொறித்த இடத்தில் கிரைண்டரைக் கொண்டுபோகவே கூடாது. துருவை எடுக்கப் போய் எண் அழிந்தால் ஆர்டிஓ அலுவலகத்தில் படும் பாடு தனி.

என்னென்ன வேண்டும்

4 அங்குல ஆங்கிள் கிரைண்டர், அதற்கு 1 மி.மீ. கட்டிங் வீல், 60, 80 நம்பர் ஃப்ளாப் டிஸ்க், வயர் கப் பிரஷ். தகடு வெட்டும் கத்தரி, சுத்தியல், பின்னால் தாங்க ஒரு கனமான இரும்புக் கட்டி, நாலைந்து பிடி கிளாம்ப். 80லிருந்து 800 வரை உப்புத்தாள். 20 கேஜ் சிஆர் (குளிர்நிலையில் உருட்டிய இரும்பு) ஷீட், அதாவது ஏறத்தாழ 0.9 மி.மீ. தடிமன். தரைக்கும் மட்கார்டுக்கும் இது பொருந்தும். 18 கேஜ் வைத்தால் பலமாக இருக்கும் என்று கடைக்காரர் சொல்வார். ஆனால் தடித்த தகட்டை மெல்லிய பழைய தகட்டோடு வெல்ட் செய்யும்போது பழையது உருகி ஓடும். ஜிஐ (துத்தநாகம் பூசிய) ஷீட் துருப் பிடிக்காதே என்று வாங்கினால், வெல்ட் செய்யும்போது துத்தநாகப் புகை வரும். அது காய்ச்சலும் நடுக்கமும் தரும் புகை. வேண்டாம்.

வெல்டிங்குக்கு சிஓடூ மெஷின், அதாவது மிக் வெல்டிங். வாடகைக்கும் கிடைக்கிறது. கம்பி 0.8 மி.மீ., கிடைத்தால் 0.6 இன்னும் நல்லது. சாதாரண ராடு வெல்டிங் இந்தத் தகட்டுக்கு ஒத்துவராது. ராடு வைத்த மறுகணம் பொத்தலாகும். பழைய டிங்கர்கள் கேஸ் வெல்டிங்கில் இதையெல்லாம் அற்புதமாகச் செய்தவர்கள்தான், ஆனால் அந்தக் கைப்பழக்கம் வருடங்களில் வருவது, அதோடு சூடு பரவித் தகடு நெளியும்.

கண்ணாடி, வெல்டிங் முகமூடி, தோல் கையுறை, பருத்திச் சட்டை, காதுக்கு அடைப்பான், தூசிக்கு நல்ல மாஸ்க். கட்டிங் வீல் உடைந்து பறப்பது அபூர்வமில்லை, அதனால் கிரைண்டரின் காப்பு மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்யும் பழக்கத்தை மட்டும் யாரைப் பார்த்தும் கற்றுக்கொள்ளாதீர்கள்.

பிரிப்பது, கழுவுவது, காயவைப்பது

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும்) ஜிப்சி கிங் என்றால் இசியூவின், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின், பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். தரைக்கு மேலும் கீழும் ஓடும் ஒயர், பெட்ரோல் குழாய், பிரேக் குழாய் எவையென்று பார்த்து, வேலை நடக்கும் இடத்திலிருந்து நகர்த்துங்கள். பின் தரையில் வெல்டிங் வேலை இருந்தால் பெட்ரோல் டேங்கை இறக்கி, வேலை நடக்கும் இடத்திலிருந்து தூரத்தில் வைக்க வேண்டும். காலி டேங்க் ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள். நிரம்பிய டேங்கைவிட ஆவி நிறைந்த காலி டேங்க்தான் வெடிக்கும்.

துருப் பிடித்த போல்ட்டுகளில் முதல் நாள் மாலையே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். மறுநாள் கழற்றும்போது ஒரேயடியாக இழுக்காமல் கொஞ்சம் கழற்றி, கொஞ்சம் முறுக்கி, முன்னும் பின்னுமாக எடுத்தால் பாதிக்கு மேல் உடையாமல் வரும்.

அப்புறம் கழுவுதல். இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், எனக்கோ இதுதான் மொத்த வேலையின் உயிர். குழிகளுக்குள் உப்பு இருக்கும்போது மேலே எந்த பிரைமர் அடித்தாலும் அடியில் துரு தொடரும். ஆகவே கிரைண்டர் வைப்பதற்கு முன் ஒருமுறை, வயர் பிரஷ் போட்ட பிறகு ஒருமுறை, பிரஷால் தேய்த்துத் தண்ணீரால் அலச வேண்டும். எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். சென்னையின் பல பகுதிகளிலும் கடலோர ஊர்களிலும் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் எடுத்த உப்பைத் திரும்ப வைத்த கதைதான். கடைசி அலசலுக்கு மட்டுமாவது மழைத்தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ பயன்படுத்துங்கள். நாலைந்து லிட்டர் போதும்.

கழுவியதும் நல்ல வெயிலில் விடுங்கள், இணைப்புகளுக்குள் ஹீட் கன்னோ ஹேர் டிரையரோ காட்டுங்கள். காலத்தையும் பார்த்துத் தொடங்குங்கள். வடகிழக்குப் பருவமழை அடிக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். பொங்கலுக்குப் பிறகு தொடங்கினால் சித்திரை வரைக்கும் காயவைக்க நல்ல வெயில் கிடைக்கும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் பிப்ரவரி, மார்ச் மாதங்களை விட்டுவிடாதீர்கள்.

மேல்துரு, பள்ளத்துரு

மேல்துருவுக்கு வயர் கப், பிறகு 80 நம்பர் தாள், பளிச்சென்ற இரும்பு. துருத் தெரியும் இடத்தோடு நிறுத்தாமல் சுற்றிலும் இரண்டு அங்குலம் நல்ல பெயின்டுக்குள் போங்கள். பெயின்டின் அடியில் துரு வேர் விட்டிருக்கும். ஒரு எச்சரிக்கை: வயர் கப் துருவை எடுப்பதற்குப் பதில் சில நேரம் அதை மெருகேற்றிவிடும். கருப்பாகப் பளபளப்பது இரும்பு இல்லை, மெருகேறிய துரு. உற்றுப் பார்த்து, தாள் போட்டு எடுங்கள்.

பள்ளத்துருவின் குழிக்குள் தாள் போகாது. அங்கேதான் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி வேண்டும். அது இரும்பு ஆக்சைடை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். தடவி, காயவிடாமல் டப்பாவில் சொன்ன நேரம் ஈரமாகவே வைத்து, தேய்த்து, அலசிக் காயவைக்க வேண்டும். கழுவாமல் விட்டால் மேலே வரும் எபாக்சி பிரைமர் சரியாகப் பிடிக்காது. கக்கூஸ் கழுவும் ஆசிட்டை மட்டும் தொடவே தொடாதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஒரு நிமிடத்தில் துருவைக் கரைத்து வெள்ளி மாதிரி காட்டும், ஆனால் குளோரைடை இரும்புக்குள் விட்டுப் போகும். நாம் அலசி எடுத்த உப்பும் குளோரைடுதான்.

கறுப்பாக மாற்றும் ரஸ்ட் கன்வெர்ட்டரில் இருப்பது பெரும்பாலும் டானிக் அமிலம். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம்மவர்கள் மை செய்தார்களே, அதே வேதியியல்: டானினும் இரும்பும் சேர்ந்தால் கெட்டியான கருப்பு. கையோ தாளோ எட்டாத இடங்களுக்கு இது நல்லது. கை எட்டும் இடத்தில் இதை நம்பி துருவை விட்டுவைப்பதை நான் ஏற்கவில்லை. இது மேற்பரப்புத் துருவோடு மட்டும் வினைபுரியும், ஏடாக நிற்கும் துருவின் அடிக்குப் போகாது.

இரும்பு பளிச்சென்று வந்துவிட்டால் அன்று மாலைக்குள் எபாக்சி பிரைமர் ஏற வேண்டும். கடலோரத்தில் ஒரு ராத்திரி வெறுமனே விட்டால் காலையில் ஆரஞ்சு படலம் நிற்கும். ஆகவே ஒரு நாளில் முடிக்கக்கூடிய பரப்பை மட்டும் திறங்கள்.

ஓட்டை விழுந்த இடம்: வெட்டி ஒட்டுவது

வெட்டுவதற்கு முன் பாடி தொங்காமல் பாருங்கள். சாஃப்ட் டாப் ஜிப்சிக்குக் கூரைத்தகடு இல்லை. கதவுக்குக் கீழே இருக்கும் சில் பகுதியை வெட்டினால் கதவுச் சட்டம் விரியலாம், அப்புறம் கதவு மூடவே மூடாது. கதவிடைவெளியை மேலும் கீழும் அளந்து எழுதிக்கொண்டு, கதவுச் சட்டத்தின் குறுக்கே ஒரு ஆங்கிள் இரும்பைத் தற்காலிகமாக டாக் (புள்ளி வெல்ட்) வைத்துவிட்டுத்தான் சில்லில் கை வைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். பாடி புஷ் மாட்டும் இடம் அரித்திருந்தால், மரக்கட்டை வைத்து ஜாக்கியால் பாடியைத் தாங்கிக்கொண்டு வெட்டுங்கள்.

எவ்வளவு வெட்டுவது? நல்ல, முழுத் தடிமன் உள்ள தகடு வரும்வரை. மனம் வராது, ஓட்டை கையளவு இருந்தது இப்போது முழங்கையளவு ஆகிவிட்டதே என்று. பரவாயில்லை. மெலிந்த தகட்டில் வெல்ட் நிற்காது, ஓட்டையைத் துரத்திக்கொண்டே போவீர்கள். வெட்டுக்கோட்டை நேராக, மூலைகளை வளைவாக வையுங்கள். கூர்மூலையில்தான் பின்னால் விரிசல் பிறக்கும். வெட்டும்போது ஆழத்தைக் கவனியுங்கள். தரையின் அடியில் குறுக்குச் சட்டம் இருக்கும், பிரேக் குழாய் இருக்கும்.

வெட்டிய துளை திறந்திருக்கும்போதே அதன் வழியாக எட்டிப் பாருங்கள். சேஸின் மேல்முகம், குறுக்குச் சட்டத்தின் உட்புறம், பிரேக் குழாய்கள், எல்லாம் இப்போதுதான் கைக்கு எட்டும். சுத்தம் செய்து பிரைமர் அடிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. துருப் பிடித்த பிரேக் குழாயைத் தேய்த்துப் பெயின்ட் அடிக்காதீர்கள், மாற்றுங்கள்.

ஒட்டுத் தகட்டுக்கு முதலில் அட்டையில் மாதிரி வெட்டுங்கள். தையற்காரர் துணியில் கத்தரி வைப்பதற்கு முன் காகிதத்தில் வெட்டிப் பார்க்கிற அதே காரியம். தரையில் இருக்கும் மேடு பள்ளக் கோடுகள் அழகுக்கு இல்லை, விறைப்புக்கு. ஒட்டுத் தகட்டிலும் அதேபோல ஒன்றிரண்டு மடிப்பு எடுத்தால் மிதிக்கும்போது டொக் டொக்கென்று அமுங்காது. இரண்டு மரச்சட்டங்களின் நடுவே வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டினாலே மடிப்பு வந்துவிடும்.

ஒட்டும் முறை இரண்டு. விளிம்போடு விளிம்பாக வைத்து, இடையில் ஒரு தகட்டுக் கனம் இடைவெளி விடுவது ஒன்று. ஒன்றன்மேல் ஒன்று அரை அங்குலம் ஏற்றி வைப்பது இன்னொன்று. ஏற்றி வைப்பது எளிது, ஆனால் அந்த அரை அங்குல இடுக்கு ஈரம் தங்கும் இடம். வெளியே தெரியும் பாகங்களுக்கு விளிம்போடு விளிம்புதான். தரைக்கு ஏற்றி வைத்துக்கொள்ளலாம், இடுக்கில் வெல்ட்-த்ரூ பிரைமர் (அதன் மேலேயே வெல்ட் செய்யக்கூடிய பிரைமர்) அடித்து, பிறகு இரண்டு பக்கமும் சீலர் வைப்பதாக இருந்தால் மட்டும்.

இப்போது வெல்டிங். 20 கேஜுக்கு 40 முதல் 60 ஆம்பியர் வரை என்று தொடங்கி, மீந்த துண்டுத் தகட்டில் வைத்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள். துண்டுத் தகட்டில் சரியாக வராமல் வண்டியைத் தொடாதீர்கள். எர்த் கிளாம்ப் வெல்ட் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே பளிச்சென்ற இரும்பில் பிடிக்க வேண்டும். நாலு மூலையில் நாலு டாக். பிறகு எதிரெதிர் நடுவில். பிறகு இடைவெளிகளின் நடுவில், இப்படி ஒரு அங்குலத்துக்கு ஒரு புள்ளி வரும்வரை. ஒவ்வொரு டாக்கும் ஒரு நொடிதான், டிரிகரை அழுத்திய உடன் விட வேண்டும். புள்ளி ஆரஞ்சிலிருந்து மங்கிச் சாம்பலாகி, பக்கத்தில் கை வைக்கும் சூட்டுக்கு வந்த பிறகே அதன் அருகில் அடுத்தது. அதுவரை தூரத்து மூலைக்குப் போங்கள். தொடர்ந்து இழுத்தால் தகடு படபடவென உப்பி நெளிந்துவிடும், அதைத் தட்டிச் சமமாக்குவது வெல்டிங்கைவிடப் பெரிய வேலை. சீக்கிரம் ஆறட்டும் என்று ஈரத்துணி போடுகிறவர்கள் உண்டு. வெல்ட் கடினமாகி வெடிக்கும், தண்ணீரும் இடுக்கில் ஏறும். காத்திருங்கள்.

பொத்தல் விழுந்தால் பின்னால் ஒரு தடித்த செம்புத் தகட்டை அழுத்திப் பிடித்து நிரப்பலாம். உருகிய இரும்பு செம்பில் ஒட்டாது. முடிந்ததும் 60 நம்பர் ஃப்ளாப் டிஸ்க்கால் வெல்ட் மேட்டை மட்டும் தேயுங்கள், சுற்றியுள்ள தகட்டை மெலிய வைக்காமல்.

தீ விஷயத்தில் சமரசம் வேண்டாம். தரையின் மறுபக்கம் ஒட்டிய அண்டர்கோட் வெல்டிங் சூட்டில் பற்றும், அதனால் சுற்றிலும் நாலு அங்குலம் சுரண்டி எடுத்திருக்க வேண்டும். தீயணைப்பானோடும் ஒரு வாளித் தண்ணீரோடும் பக்கத்தில் இன்னொருவர் நிற்கட்டும். வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரம் வண்டியை விட்டு நகராதீர்கள். பிரேக் கிளீனர் ஸ்பிரேயால் துடைத்த இடத்தில் வெல்ட் செய்யவே கூடாது. குளோரின் சேர்ந்த கிளீனராக இருந்தால் வெல்டிங் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு பிறக்கும். துடைக்க அசிட்டோன் போதும், அதுவும் முழுக்க ஆவியான பிறகுதான் வெல்டிங்.

வெல்டிங் முடியாதவர்களுக்கு

தரையில் சின்ன ஓட்டை, பலம் தாங்காத இடம் என்றால், இரண்டு பாகமாகக் கலக்கும் உலோகப் பசையும் ரிவிட்டும் வைத்துத் தகட்டை ஏற்றி ஒட்டலாம். துருவை வெட்டி எடுத்து, இரண்டு பக்கமும் இரும்பைப் பளிச்சென்று ஆக்கியிருக்க வேண்டும் என்பது இங்கும் மாறாது. இது நேர்மையான வேலைதான், ஒளிக்க வேண்டியதில்லை. ஃபைபர் துணியும் ரெசினும் தடவி ஓட்டையை மூடுவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். துருவின் மேல் ரெசின் பிடிக்காது, சில மாதத்தில் விளிம்பு தூக்கும், தூக்கிய இடுக்கில் தண்ணீர் நிற்கும்.

இன்னொரு வழி: வெட்டுவது, கழுவுவது, தகடு செய்து பொருத்துவது எல்லாம் நீங்கள் முடித்துவிட்டு, டாக் வைக்க மட்டும் ஒரு வெல்டரை அரை நாளுக்கு அழைப்பது. எனக்குப் பிடித்த வழி இதுதான்.

சீலர், பிரைமர், பட்டி

வெல்ட் செய்த இடத்துக்கு அசிட்டோன் துடைப்பு, பிறகு எபாக்சி பிரைமர். ரெட் ஆக்சைடு மலிவு, எங்கும் கிடைக்கும், ஆனால் அது ஈரத்தை நெடுநாள் தடுக்காது. சாதாரண பிரைமர் சர்ஃபேசரும் ஈரம் உறிஞ்சும். எபாக்சிதான் உண்மையான தடுப்புச்சுவர். இரண்டு டப்பாவையும் சொன்ன விகிதத்தில் கலந்து, சொன்ன நேரம் ஊறவிட்டு, பிரஷாலேயே அடிக்கலாம். சித்திரை வெயிலில் கலவை சீக்கிரம் இறுகும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். கையுறை கட்டாயம், எபாக்சி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்தால் அது போகாது.

பிரைமர் காய்ந்ததும் எல்லா இணைப்பிலும் பாலியூரிதேன் சீம் சீலர், உள்ளேயும் கீழேயும். வீட்டில் பாத்ரூமுக்கு வாங்கிய சிலிக்கான் மிச்சமிருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான், காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். அதுவே துருவைத் தொடங்கிவைக்கும். அதன்மேல் பெயின்டும் நிற்காது.

பட்டி எபாக்சிக்கு மேல்தான், வெறும் இரும்பின் மேல் இல்லை. பட்டி ஈரத்தை உறிஞ்சும் பொருள். பின்னால் ஓட்டை இருந்தால் அது ஈரத்தை வாங்கி இரும்புக்கே கொடுக்கும். மெல்லியதாக, இரண்டு மூன்று மி.மீ.க்கு மேல் போகாமல் வைத்து, 80, 180, 320 என்று உலர் தாளால் தேயுங்கள். இந்தக் கட்டத்தில் வாட்டர் பேப்பரும் தண்ணீரும் வேண்டாம். பட்டிக்கு மேல் இன்னொரு கை (பூச்சு) எபாக்சி ஏறிக் காய்ந்த பிறகு 400, 600, 800க்கு வேண்டுமானால் தண்ணீர் போட்டுத் தேய்க்கலாம். தரைக்குப் பட்டியே தேவையில்லை.

பெயின்ட்

தரை, மட்கார்டின் உட்பக்கம், அடிப்பகுதி இவற்றுக்கு எபாக்சியின் மேல் நல்ல சிந்தடிக் எனாமலை இரண்டு கை பிரஷால் அடித்தால் போதும். வெளிப்பக்கம் வேறு கதை. இரண்டு பாகம் கலக்கும் பியூ (பாலியூரிதேன்) பெயின்டில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்பிரே அடிக்கும்போது அந்தப் படலம் நுரையீரலுக்குள் போனால் தீராத ஆஸ்துமா வரலாம். துணி மாஸ்க்கோ தூசி மாஸ்க்கோ அதைத் தடுக்காது, வெளிக்காற்றைக் குழாயில் தரும் முகமூடி வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருக்கும் இடத்தில் இதைச் செய்யாதீர்கள். எபாக்சி வரை நீங்கள் முடித்து, கடைசிப் பூச்சை மட்டும் பெயின்ட் பூத் உள்ள பட்டறையில் அடித்து வாங்குங்கள். எபாக்சி வெயிலில் சுண்ணாம்பாகப் பூக்கும், அதனால் மாதக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம்.

நிறம் மாற்றுவதாக இருந்தால் ஆர்சியில் பதிய வேண்டும். ராணுவத்தில் இருந்து ஏலத்தில் வந்த ஜிப்சிகள் நிறைய உண்டு, அந்தப் பச்சையிலேயே வைத்துக்கொள்ள ஆசையும் உண்டு. ஆனால் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121ஆம் விதிப்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்தான். 15 வருடம் கழித்து ஆர்சி புதுப்பிக்க வண்டியைக் காட்டும்போது இதெல்லாம் கேள்வியாகும்.

உட்பக்கம்

பெயின்ட் அடித்ததும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுவோம். சில்லின் உள்ளே, கதவின் உள்ளே, குறுக்குச் சட்டங்களின் உள்ளே வெல்டிங் சூட்டில் பழைய பெயின்ட் கருகியிருக்கும், அங்கே எந்த பிரைமரும் போகவில்லை. நீளக் குழாய் உள்ள ஸ்பிரேயால் கேவிட்டி வேக்ஸை (உள்குழிவுகளில் அடிக்கும் மெழுகை), தண்ணீர் வடியும் ஓட்டைகள் வழியாகவே, உள்ளே எல்லாப் பக்கமும் படும்படி அடியுங்கள். வெல்டிங் எல்லாம் முடிந்து, பெயின்டும் காய்ந்த பிறகுதான் இது, ஏனென்றால் வேக்ஸ் எரியும், அது பட்ட இடத்தில் பெயின்டும் பிடிக்காது. ஓரிரு நாள் ஒழுகும், ஒழுகட்டும். பிறகு வடியும் ஓட்டைகள் ஒவ்வொன்றையும் ஒரு கம்பியால் திறந்துவிடுங்கள்.

அடியில் பழைய இன்ஜின் ஆயில் அடிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், மண்ணைப் பிடித்துவைக்கும், மழையில் கழுவிப் போய் நிலத்தில் சேரும். கருப்பு ரப்பர் கோட்டிங் நல்லதுதான், சுத்தமான எபாக்சியின் மேல் அடித்தால். துருவின் மேல் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

சீட்டைத் திரும்ப மாட்டும்போது ஃபெல்ட்டைப் போடாதீர்கள். எளிதாகத் தூக்கக்கூடிய மேட் மட்டும் போதும். கடற்கரைக்கோ ஆற்றுக்குள்ளோ போய் வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் மட்கார்டின் உள்மேடுகளையும் சேஸையும் அலசுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை, பருவமழைக்கு முன் ஒன்று, மழை விட்டபின் ஒன்று என்று மேட்டைத் தூக்கி, கதவின் வடிகால்களைக் குத்தி, சீலர் வெடித்த இடத்தில் புதிதாக வைத்து, கேவிட்டி வேக்ஸ் காய்ந்திருந்தால் திரும்ப அடித்துவிடுங்கள்.